மூணு பூட்டும் எட்டாம் நம்பர் ஸ்டூலும்

— ஒரு பூட்டு திறந்தாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு, மணி பதினொண்ணேகால்! ஹராவா ஐயா, சாவிய எடுங்க, சீக்கிரம்!

— தஃபிகா, நீ நல்லா எழுந்தியா?

— ஐயோ, எழுந்தேன் ஐயா! விடியக்காலை நாலு மணிக்கே எழுந்தேன், முசூசுல மினிபஸ் புடிச்சேன், யாரோ ஒருத்தரோட கோழி இங்க ரும்பி வரைக்கும் என் மடியிலயே வந்துச்சு. நீங்க நல்லா எழுந்தீங்களா?

— நீ நல்லா எழுந்திருந்தா நானும் நல்லா எழுந்தேன். வீட்ல அம்மா?

— நல்லா இருக்காங்க. உங்க வீட்ல?

— எல்லாரும் சௌக்கியம். சரி, இப்பப் பேசலாம். மனுஷனுக்கு மனுஷன் முதல்ல விசாரிக்கணும், அப்புறந்தான் வேலை. அதுக்கு ஒரு முறை இருக்கு. இப்பச் சொல்லு, என்ன அவசரம்?

— என்ன அவசரமா? இன்னைக்குத்தானே ஐயா எண்ணிக்கை! பன்னெண்டு மணிக்கு லிலாங்வே தலைமை ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு கயாங்கே சார் ஒரு பட்டனத் தட்டுவாரு. நாட்டுல இருக்கற ஆறு பொது லேபுலயும் அந்த நிமிஷம் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுதுன்னு அவரு திரைல வந்துடும். நம்மகிட்ட இருக்கறது இருபத்தி நாலு. பாதியாவது ஓடணும். பன்னெண்டுக்குக் கீழ போச்சா, திங்கக்கிழமை இந்த வாசல்ல லாரி வந்து நிக்கும். எல்லாத்தையும் கழட்டி வேற ஊருக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும் லெட்டர் வந்துச்சுல்ல?

— வந்துச்சு. பதிவேட்டுல ஒட்டி வச்சிருக்கேன்.

— ஒட்டி வச்சிருக்கீங்க! படிச்சீங்களா?

— படிக்காம நான் எதையும் ஒட்டறதில்ல. சரி, நகரு. நர்சிங் காலேஜ் பூட்ட யாரு திறந்தது?

— எடினா அக்கா. வார்டுலருந்து ஓடி வந்தாங்க, திறந்தாங்க, ஓடிட்டாங்க. உங்களை மாதிரி அஞ்சு நிமிஷம் நலம் விசாரிக்கல.

— அதான் அந்தப் பொண்ணுக்கு ரத்தக் கொதிப்பு. இந்தா, இதுல கையெழுத்துப் போடு.

— இது எதுக்கு?

— வனத்துறைக் காலேஜோட பூட்டு திறக்கப்படுது. யாரு முன்னிலைல? லேப் டெக்னீஷியன் தஃபிகா முன்னிலைல. மணி என்ன போட?

— பதினொண்ணு இருபது! போட்டுட்டேன், போட்டுட்டேன், திறங்க!

— பாத்தியா, எப்படி வழுக்கிட்டு வருது. வாராவாரம் எண்ணெய் விடறேன். திறந்தே பழக்கமில்லாத பூட்டுக்குத்தான் எண்ணெய் அதிகம் வேணும்.

— ரெண்டு! இனி ஆசிரியர் பயிற்சிக் காலேஜ் பூட்டு ஒண்ணுதான். கொண்ட்வே மாஸ்டர ஒம்போது மணிலருந்து தேடறேன். வகுப்புல இல்ல, வீடு பூட்டியிருக்கு, போன் போட்டா ஒரு பொம்பள குரல் மன்னிப்புக் கேக்குது. எங்க போனாரு மனுஷன்?

— கொண்ட்வே மாஸ்டரா? அவரு நேத்தே லிவிங்ஸ்டோனியா மலைக்குப் போயிட்டாரே. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம்.

— என்னது!

— நல்ல இடம்னு கேள்வி. மாப்பிள்ளை மீன் லாரி வச்சிருக்காராம்.

— மாப்பிள்ளைய விடுங்க ஐயா! சாவி?

— சாவி அவருகிட்டத்தான். வேற யாரு கைலயும் குடுக்கக் கூடாதுன்னுதானே விதி.

— இருபது கொண்டை ஊசி வளைவு! போயிட்டு வர ஒரு நாள் ஆகும்! மேல டவரும் கிடையாது! ஐயா, எனக்குத் தல சுத்துது. எந்தப் புண்ணியவான் ஐயா ஒரு கதவுக்கு மூணு பூட்டு போடச் சொன்னது?

— நீதான்.

— நானா?

— பதிவேடு இருக்கு, படிச்சுக் காட்டவா? மார்ச் மாசம் கூட்டம். யாரு லேப்னு மூணு காலேஜும் நாலு மாசமா அடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அப்ப நீ எழுந்து நின்ன. எங்கம்மா சேமிப்புக் குழுப் பெட்டிக்கு மூணு பூட்டு, மூணு வீட்டுல மூணு சாவி, பன்னெண்டு வருஷமா ஒரு சண்டை வந்ததில்லன்ன. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். நல்ல யோசனைன்னு இப்பவும் சொல்வேன்.

— அது பெட்டி ஐயா! வாரத்துக்கு ஒரு தடவை, எல்லாரும் வட்டமா உக்காந்து திறக்கற பெட்டி! இது லேப்! புள்ளைங்க தெனம் வந்து போகணும்!

— அத நீ அன்னைக்குச் சொல்லல.

— அன்னைக்குச் சண்டை நின்னா போதும்னு இருந்துச்சு. எனக்கே ஒரு சாவி வச்சுக்கணும்னு கூடத் தோணல பாருங்க. இத இழைச்சு இழைச்சுக் கட்டினவ நான், வாசல்ல நிக்கறவளும் நான். சரி, சொல்லுங்க, இந்த மாசம் எத்தனை தடவை திறந்தீங்க? நான் வெள்ளிக்கிழமை மட்டும் வந்துட்டுப் போறேன், மூணு பேரும் ஒண்ணா இருந்து நான் பாத்ததே இல்ல.

— பதிவேட்டுப்படி ரெண்டு தடவை.

— ரெண்டுதானா! எதுக்கு?

— முதல் தடவை போட்டோ எடுக்க. ரெண்டாவது, அந்தப் போட்டோல பிரின்சிபால் கண்ண மூடிட்டாரு.

— சிரிக்கக் கூட நேரமில்ல ஐயா. லேப மூணு சாவில பூட்டி வச்சுட்டு, யாரும் உபயோகிக்கலன்னு லாரி வரப் போகுது, இது எப்படி இருக்கு?

— இந்தா, மந்தாசி, எண்ணெயில பொரிச்ச மாவு உருண்டை. சூடா இருக்கு. வர்ற வழில வாங்கினேன். வயித்துக்குள்ள போனா யோசனை வரும்.

— குடுங்க. ரெண்டு குடுங்க. எனக்கு வேலை போயிடும், அது ஒரு பக்கம். நான் அதுக்காக அழல. இந்த இருபத்தி நாலும் வந்தப்ப எப்படி வந்துச்சு தெரியுமா? பாதி செத்தது. மூணு பிணத்துலருந்து ஒரு உயிர எடுத்து ஒண்ணொண்ணா ஓட வச்சேன். எதுக்கு? எழுதின ஒரு பாடத்த நெட்டுல அனுப்பறதுக்கு இங்கேருந்து முசூசு வரைக்கும் பஸ்ல போறாங்களே புள்ளைங்க, அவங்க இந்தத் தெருவுலயே நடந்து வந்து அனுப்பட்டும்னுதான். அவங்க இன்னமும் பஸ்ல போயிட்டுத்தான் இருக்காங்க.

— ரெண்டு மூணு வாரமா பஸ் ஸ்டாண்டுல கூட்டம் கொறஞ்சிருக்கு. என்ன காரணமோ.

— மழையா இருக்கும். ஐயா! ரம்பம்! இரும்பு அறுக்கற ரம்பம் உங்க ஸ்டோர்ல இருக்குல்ல?

— பன்னெண்டு இருக்கு. புதுசு.

— ஒண்ணு குடுங்க! அஞ்சு நிமிஷத்துல அறுத்துடறேன், புதுப் பூட்டு நான் வாங்கித் தர்றேன்.

— பொதுச் சொத்த அறுக்கறதுக்கா? அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. மூணு காலேஜ் ஆளும் கையெழுத்துப் போடணும். நான் போடறேன். எடினா போடுவா.

— மூணாவது?

— கொண்ட்வே மாஸ்டர்.

— அந்த மந்தாசிய இன்னொண்ணு குடுங்க, இல்லன்னா உங்களைக் கடிச்சுடுவேன்.

— இரு. உள்ள என்னமோ உம்முனு சத்தம் கேக்குது.

— சோலார் பேட்டரிக்கு வச்ச ஃபேன் ஐயா. அது எப்பவும் ஓடும், அது ஒண்ணுதான் இந்த லேபுல உழைக்குது. எட்டிப் பாக்கலாம்னா ஜன்னல் ஜன்னலாக் கெட்டித் திரை போட்டு வச்சிருக்கீங்க.

— வெயில் பட்டா பிளாஸ்டிக் மஞ்சளாயிடும்.

— யாரும் தொடாமலே மஞ்சளாகாம இருக்கும்! மணி என்ன? பதினொண்ணே முக்கால்! ஐயா, பின் ஜன்னல்! பின் ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சா?

— இல்ல. எந்தக் காலேஜ் போடணும்னு மூணு கூட்டம் நடந்துச்சு. நாலாவது கூட்டம் அடுத்த மாசம்.

— கடவுள் உங்க கூட்டத்துக்கெல்லாம் நல்ல ஆயுசு குடுக்கட்டும்! நான் அது வழியா ஏறிக் குதிக்கறேன். உள்ள போனதும் மெயின் சுவிட்ச் ஒண்ணத் தட்டினா போதும், அஞ்சு நிமிஷத்துல பன்னெண்டு ஓடிடும். ஒரு ஸ்டூல் குடுங்க.

— தஃபிகா, ஜன்னல் வழியாப் போறது முறையில்ல.

— லாரி வர்றது முறையா? ஸ்டூல், ஐயா!

— மொத்தம் எட்டு ஸ்டூல். ஏழு ஸ்டோர்ல இருக்கு, ஸ்டோர் அந்தக் கோடில இருக்கு, போய் வர கால் மணி நேரம், படிவம் தனி. எட்டாம் நம்பர் வெளில போயிருக்கு. கொண்ட்வே மாஸ்டர் வகுப்புல உலக வரைபடம் மாட்டணும்னு வாங்கிட்டுப் போனாரு. மூணு வாரமாச்சு. உலகம் பெருசுதான், அதுக்காக மூணு வாரமா மாட்டுவாங்க?

— அப்ப நீங்க குனிஞ்சு நில்லுங்க. நான் உங்க முதுகுல ஏறிக்கறேன்.

— முதுகுக்குப் படிவம் இல்ல.

— படிவம் இல்லன்னா தடையும் இல்ல! வாங்க, வாங்க, இப்படிச் சுத்தி வாங்க. பாத்து, பூசணிக் கொடிய மிதிச்சுடாதீங்க.

— மெதுவாப் போ. எனக்கு முட்டி வலி. இந்தப் பக்கம் நான் வந்தே ரெண்டு மாசம் இருக்கும். புல்லு இப்படி வழி விட்டுக் கிடக்கே, ஆடு கீடு வருதோ? ஏன் நின்னுட்ட?

— ஐயா. செருப்பு.

— யாரு செருப்பு?

— யாரு செருப்பு இல்லன்னு கேளுங்க! ஜன்னலுக்குக் கீழ வரிசையா அடுக்கியிருக்கு. வெள்ளை நர்ஸ் ஷூ. உங்க வனத்துறைப் பசங்க போடற ரப்பர் பூட்ஸ். மாஸ்டர் வேலைக்குப் படிக்கறவங்க போடற பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. இருபது, இருபத்தஞ்சு... முப்பத்தி ஒரு ஜோடி!

— இது என் ஸ்டூல்.

— என்ன?

— எட்டாம் நம்பர். இந்த எட்டு நான் என் கையால பெயிண்ட் அடிச்ச எட்டு. உலக வரைபடம்னு சொல்லி வாங்கின ஸ்டூல் இங்க எப்படி வந்துச்சு?

— உஷ்... கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா? உள்ள பாடம் எழுதிட்டு இருக்காங்க. கோவிச்சுக்காதீங்க ஹராவா ஐயா! நீங்க நல்லா எழுந்தீங்களா ஐயா?

— நல்லா எழுந்தேன்மா, நீ நல்லா எழுந்... ஏய்! ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு நலம் விசாரிக்கற, யாரு நீ?

— தெம்வா ஐயா. நர்சிங் ரெண்டாம் வருஷம். நீங்க தஃபிகா அக்காதானே? செவுத்துல 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும், தூசி கம்ப்யூட்டருக்கு எமன்'னு எழுதி ஒட்டினது நீங்கதானே? கழட்டிட்டோம்கா. ஒருத்தர் கூட செருப்போட ஏறல.

— எத்தனை நாளா இது?

— மூணு வாரம்கா. இந்த மாசம் முதல் வாரத்துலயே கொண்ட்வே மாஸ்டர் பாலத்துல நின்னு கைக்குட்டைய உதறினாரா, சாவி ருக்குரு ஆத்துல விழுந்துடுச்சு. ஹராவா ஐயாகிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சாரு. சாவி தொலைஞ்சா ஒம்போது பக்கம் படிவமாமே?

— பதினொரு பக்கம்.

— அதான் ஐயா, பயந்துட்டாரு. அவரு பசங்களுக்கு மறுநாளே பாடம் அனுப்பக் கடைசி நாள். ஸ்டூல் வாங்கிட்டு வந்தாரு, அவரே முதல்ல ஏறினாரு. பேன்ட் கூடக் கிழிஞ்சுது. அப்புறம் நாங்க பாத்தோம், வனத்துறைப் பசங்க பாத்தாங்க.

— மூணு காலேஜும் ஒண்ணாவா? சண்டை வரலையா?

— எதுக்குக்கா சண்டை? சக்கரைப் பெட்டி அட்டைல நேரம் எழுதி மாட்டியிருக்கோம். முதல்ல ஆளுக்கொரு வேளைன்னு பிரிச்சோம். இப்ப அதுவும் இல்ல. வனத்துறைப் பசங்க எங்களுக்கு வரைபடம் போடச் சொல்லித் தர்றாங்க, எந்தக் கிராமத்துல மலேரியா அதிகம்னு நாங்க அதுல புள்ளி வைக்கறோம். மாஸ்டர் வேலைக்குப் படிக்கறவங்க எங்க இங்கிலீஷத் திருத்தறாங்க. நாங்க அவங்களுக்குத் தலைவலி மாத்திரை குடுக்கறோம்.

— என்கிட்ட உலக வரைபடம் மாட்டணும்னு பொய் சொல்லியிருக்காரு.

— இல்ல ஐயா, உள்ள எட்டிப் பாருங்க. எதிர்ச் செவுத்துல. மாட்டிட்டாரு. சொன்ன வேலைய செய்யாம விட மாட்டாரு மாஸ்டர்.

— ...கோணலா மாட்டியிருக்காரு.

— தெம்வா, ஒண்ணு சொல்லு, நாங்க அரை மணி நேரமா வாசல்ல கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?

— எல்லாம் கேட்டுச்சுக்கா. முதுகுக்குப் படிவம் இல்லன்னு ஐயா சொன்னப்ப பாதிப் பேரு டேபிளுக்கு அடில போயி வாயப் பொத்திக்கிட்டோம். குரல் குடுத்தா ஜன்னல அடைச்சுடுவீங்களோன்னு பயம். ஆனா எண்ணிக்கை, லாரின்னு நீங்க சொன்னதும் சும்மா இருக்கலக்கா. அப்ப பதினேழுதான் ஓடிச்சு. உடனே மத்ததையும் போட்டுட்டோம்.

— எல்லாத்தையுமா?

— இருபத்தி மூணு. மூலைல இருக்கறதுல ஒரு பல்லி முட்டை வச்சிருக்கு, அத மட்டும் தொடல.

— ஐயா, என்னை யாராவது புடிச்சுக்கோங்க. இருங்க, போன்! லிலாங்வே! எல்லாரும் உஷ்! ...ஹலோ? கயாங்கே சார், நல்லா எழுந்தீங்களா சார்? நீங்க நல்லா எழுந்திருந்தா நானும் நல்லா எழுந்தேன் சார். ...ஆமா சார். ...ஆமா, இருபத்தி மூணு. ...இல்ல சார், எண்ணினதுல தப்பு இருக்காது, ஓடுது சார். ...ஆறுலயும் நாங்கதான் முதலா? மத்த அஞ்சுலயும் சேர்த்தே பத்தொம்போதுதானா? ...இல்ல சார், அழல சார், மந்தாசி சூடு. ...எப்படி நடத்தறோம்னா... அது வந்து சார்... ஒரு பக்கமா? ரெண்டு மணிக்குள்ளயா? ...எல்லா லேபுக்கும் அனுப்பி அதே மாதிரி செய்யச் சொல்லப் போறீங்களா? ...சரி சார். எழுதறேன் சார். வைக்கறேன் சார்.

— அக்கா! லாரி வராதுல்ல?

— வராது! தெம்வா, லாரி வராது! உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லு. ஆனா இந்த லேப எப்படி நடத்தறோம்னு நான் எழுதித் தரணுமாம். ஒரு பக்கம்.

— இதுல என்ன யோசனை? மூணு பூட்டு, மூணு சாவி, பதிவேடு, எல்லாம் முறைப்படின்னு எழுது.

— எழுதினா அந்த அஞ்சு லேபுலயும் நாளைக்கே மூணு மூணு பூட்டு தொங்கும் ஐயா! அந்த ஊர்ப் புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க. அங்க ஒரு கொண்ட்வே மாஸ்டர் இருப்பாருன்னு என்ன நிச்சயம்?

— ஜன்னல்னும் எழுதிடாதீங்கக்கா. அடுத்த வாரமே கம்பி வந்துடும். மாஸ்டர் ஊர்லருந்து திரும்பறப்ப வாசல்ல விசாரணை உக்காந்திருக்கும். பாவம், கல்யாணத்துல ஆடிட்டு இருப்பாரு இந்நேரம்.

— ஐயா, நீங்க என்ன எழுதறீங்க பதிவேட்டுல? வேணாம் ஐயா, அவரு பேர எழுதாதீங்க!

— எழுதாம எப்படி? ஸ்டூல் எண் எட்டு. பெற்றவர் கொண்ட்வே மாஸ்டர். காரணம், உலக வரைபடம். திருப்பித் தர வேண்டிய நாள்...

— ஐயா...

— வேலை முடியும் வரை. உலகம் பெருசுன்னு நான்தானே சொன்னேன்? தெம்வா, கொஞ்சம் தள்ளு. என் ஷூவ எங்க வைக்கறது?

— இந்தப் பூட்ஸ் பக்கத்துல வைங்க ஐயா. முப்பத்தி ரெண்டாவது ஜோடி.

— ஐயா, நீங்க ஏறப் போறீங்களா? முறை?

— அந்த வரைபடம் கோணலா இருக்கு, அது முறையா? ஸ்டூல் ஆடுது, கெட்டியாப் புடி. ஒண்ணு சொல்லிடறேன், இது முதுகு இல்ல, இதுக்குப் படிவம் இருக்கு, இறங்கினதும் கையெழுத்துப் போடணும்.

— போடறேன், போடறேன், கால அங்க வைங்க, அந்தக் கட்டைல! தெம்வா, ஐயா கையப் புடி! இழு! ...உள்ள போயிட்டாரா? ரெண்டு பேரும் ஓடாதீங்க, நான் இங்க வெள்ளைத் தாளும் கையுமா நிக்கறேன்! மூணு பூட்டுன்னு எழுதினா பொய், ஒரு ஸ்டூலுன்னு எழுதினா மாஸ்டர் மாட்டிக்குவாரு, ரெண்டு மணிக்குள்ள அனுப்பணும், அஞ்சு ஊருல புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்களேன், என் இடத்துல நீங்க இருந்தா என்ன எழுதுவீங்க?